கடலடி கேபிள் அறுந்தால் அரசுக்கு எப்போது தெரிய வேண்டும்?

மொரீசியஸின் ரோஸ் ஹில்லில் வீட்டிலிருந்தபடியே பிரான்ஸ் நாட்டுக் கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணா, போன மாதம் மூன்று நாள் இணையம் ஊர்ந்துகொண்டே இருந்தது. ஒரு ஃபைல் ஏற்ற அரை மணி நேரம் ஆனது. இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டால் ‘சர்வதேச இணைப்பில் கோளாறு’ என்று மட்டும் சொன்னார்கள். கடலுக்கு அடியில் கேபிள் அறுந்தால் அரசாங்கத்திடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று எங்காவது சட்டம் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தகவல் நம் காதுக்கு ஏன் வருவதில்லை?”

நான் பதினைந்து வருடத்துக்கு மேல் நெட்வொர்க் கண்காணிப்பு அறையில் வேலை பார்த்தவன், தங்கை. அதில் பாதிக்கு மேல் இரவு ஷிஃப்ட். நீங்கள் கேட்டதை நானும் பல இரவுகள் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: சட்டம் இருக்கிறது. மிக விளக்கமாக எழுதி வைத்திருப்பது அமெரிக்கா. ஐரோப்பிய ஒன்றியமும் எழுதியிருக்கிறது, அது நம் பக்கத்துத் தீவான ரியூனியனைத் தொடுகிறது. இரண்டாவது கேள்விக்கு வருவதற்கு முன்னால் நம் தீவு எந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

2002ல் வந்த சேஃப் கேபிள்தான் நமக்கு முதல் ஃபைபர், அதாவது ஒளியிழைக் கேபிள். தென்னாப்பிரிக்காவின் மெல்க்போஸ்ஸ்ட்ராண்டில் கிளம்பி, அதே நாட்டின் கிழக்குக் கரையில் மட்டுன்சினியைத் தொட்டு, ரியூனியனின் சேன் போல், நம் தெற்குக் கரையில் பே து ஜாக்கோத்தே, அங்கிருந்து கொச்சி, பினாங்கு என்று சுமார் 13,500 கிலோமீட்டர் போகிறது. 2009ல் லயன் கேபிள் நம்மை மடகாஸ்கரோடு இணைத்தது. 2012ல் லயன்-2 அங்கிருந்து மயோட் வழியாகக் கென்யாவுக்குப் போனது. 2019ல் நம் ரொட்ரிக்ஸ் தீவுக்கு மார்ஸ் கேபிள் வந்தது. அப்புறம் 2021ல் மெட்டிஸ், 2023ல் டி-3. இவை இரண்டும் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டியில் கரையேறுகின்றன. (ஆப்பிரிக்காவுக்கும் கிழக்குக்கும் நடுவில் நாம் இருப்பது புதிதல்ல. 1901ல் டர்பனிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குத் தந்திக் கேபிள் போட்டபோதும் அது மொரீசியஸ், ரொட்ரிக்ஸ், கோகோஸ் தீவு வழியாகத்தான் போனது.)

எண்ணிக்கையைப் பார்த்தால் கவலைப்பட ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சேஃப், மெட்டிஸ், டி-3 மூன்றும் மேற்கே போவது தென்னாப்பிரிக்காவின் ஒரே குவாசுலு-நட்டால் மாகாணக் கரைக்கு. 2024 மே 12 அன்று அந்தக் கரைக்கு அப்பால்தான் ஈஸி, சீகாம் என்ற இரண்டு கேபிள்கள் ஒன்றாக அறுந்தன. அவை நம் கேபிள்கள் இல்லைதான். கென்யா, தான்சானியா, மொசாம்பிக், மலாவி, மயோட் பக்கம் இணையம் படுத்துவிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியிலேயே செங்கடலில் சீகாம் உட்பட மூன்று கேபிள்கள் சேதமாகியிருந்தன. வடக்கே வழி ஏற்கெனவே அடைபட்டிருந்த நேரத்தில் தெற்கு வழியும் போனதால்தான் அடி அவ்வளவு பலமாக விழுந்தது. முதல் கேபிள் போகும்போது பெரும்பாலான மக்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. இரண்டாவது போகும்போதுதான் தெரிகிறது. முதலாவது போன அன்றே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதுதான் இந்த அறிக்கைச் சட்டங்களின் அடிப்படை.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே தொலைபேசிச் சேவை தடைப்பட்டால் ஆணையத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்ற விதி பழையது. எஃப்.சி.சி. என்ற அவர்களுடைய தகவல் தொடர்பு ஆணையம் 2004ல் அதைச் செல்போன் முதலியவற்றுக்கும் விரித்தது. அதன் அளவுகோல் ‘பயனர்-நிமிடம்’. தடை 30 நிமிடமாவது நீடித்து, பாதிக்கப்படக்கூடிய பயனர்களின் எண்ணிக்கையை நிமிடங்களால் பெருக்கினால் 900,000 வந்துவிட்டால் அறிக்கை தர வேண்டும். தரையில் இது சரியாக வேலை செய்தது. கடலுக்கு அடியில் செய்யவில்லை. காரணம், கடலடிக் கேபிளுக்கு நேரடிப் பயனர் என்று யாரும் கிடையாது. அதில் இடம், அதாவது கொள்ளளவு, வாங்குவது கம்பெனிகள். அவர்களிடம் வாங்குவது வேறு கம்பெனிகள். அந்த வரிசையின் கடைசியில்தான் நீங்களும் நானும் நிற்கிறோம். எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்று கேபிள்காரருக்குச் சொல்லத் தெரியாது.

அதனால் 2008ல் கடலடிக் கேபிளுக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். விருப்பமிருந்தால் தகவல் தரலாம் என்ற ஏற்பாடு அது. விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. சிலர் தந்தார்கள், சிலர் தரவில்லை, தந்தவர்களும் ஒரே மாதிரி தரவில்லை. பிறகு 2015 ஜூலையில் பசிபிக்கில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட வட மரியானா தீவுகளை குவாமோடு இணைத்த ஒரே கேபிள் அறுந்தது. தொலைபேசி, இணையம், வங்கி அட்டை எல்லாம் நின்றன, விமானங்கள் ரத்தாயின. அடுத்த ஆண்டே, 2016ல், ஆணையம் அறிக்கையைக் கட்டாயமாக்கியது. 2019ல் சில திருத்தங்கள் செய்து, 2021 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

விதி இதுதான்: கேபிளில் போகும் திசையிலோ வரும் திசையிலோ இணைப்பு 30 நிமிடம் அறுந்து கிடந்தால் அறிக்கை தர வேண்டும். முழுவதும் அறுபடாமல், ஒரு திசையின் கொள்ளளவில் பாதியோ அதற்கு மேலோ 30 நிமிடம் போனாலும் தர வேண்டும். இது அறிக்கைக்குரிய நிகழ்வு என்று தெரிந்த நேரத்திலிருந்து முதல் மூன்று ஆண்டுகளுக்கு 8 மணி நேரமும், அதன் பிறகு 4 மணி நேரமும் அவகாசம். முதலில் சுருக்கமான அறிவிப்பு. பழுதுபார்க்கும் திட்டம் கைக்கு வந்ததும் இடைக்கால அறிக்கை. வேலை முடிந்து 7 நாளுக்குள் இறுதி அறிக்கை. அதில் காரணம், இடம், நேரம் எல்லாம் இருக்க வேண்டும்.

இந்த விதியில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒரு சின்ன வாசகம்தான்: போக்குவரத்தை வேறு கேபிளுக்குத் திருப்பிவிட்டாலும் அறிக்கை தந்தே ஆக வேண்டும். கேபிள் நிறுவனங்கள் இதைத்தான் கடுமையாக எதிர்த்தன. ‘எங்கள் வாடிக்கையாளர் எதையும் உணரவில்லை, பிறகு எதற்கு அறிக்கை’ என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாற்று வழி வைத்திருப்பவருக்கு அதற்கான மதிப்பு கிடைக்க வேண்டும். ஆனால் மாற்று வழியில் போகும் ஒவ்வொரு நாளும் அந்த நாடு கைவசம் இருந்த கடைசிச் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் இரண்டு தண்ணீர்த் தொட்டியில் ஒன்று ஒழுகிக் காலியாகிவிட்டது, குழாயில் இன்னும் தண்ணீர் வருகிறது என்பதற்காக வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருக்கலாமா? உங்கள் மூன்று நாளும் அநேகமாக அந்த வகைதான். இணையம் நின்றுவிடவில்லை, ஊர்ந்தது. அப்படி ஊர்ந்தால், போக்குவரத்து நீளமான, நெரிசலான வேறு வழிக்குத் திரும்பியிருக்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன். ஃபைபரில் ஒளி ஒரு வினாடியில் ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் போகும். வழி 10,000 கிலோமீட்டர் கூடினால், போய் வர 100 மில்லிசெகண்ட் கூடிவிடும். அதோடு நெரிசலும் சேர்ந்தால் ஃபைல் ஏறாது.

யார் சொல்ல வேண்டும் என்பதும் லேசான விஷயம் இல்லை. பல கேபிள்களுக்கு ஒரு முதலாளி கிடையாது. பல நாட்டுக் கம்பெனிகள் கூட்டாகப் போட்ட சொத்து அது. அறுந்த இடமோ எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலாகவும் இருக்கலாம். அமெரிக்க விதி ‘யாருடைய கடல்’ என்று கேட்பதில்லை, ‘எங்கள் கரையில் ஏற உரிமம் வாங்கியவரா’ என்று கேட்கிறது. கேபிள் கரையேற உரிமம் வேண்டும் என்ற அவர்களுடைய சட்டம் 1921ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த உரிமத்தின் நிபந்தனையாகவே அறிக்கையையும் கட்டிவிட்டார்கள். கூட்டாளிகள் பலர் இருந்தால், தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக நிறுத்தி, அவர் ஒருவரே எல்லாருக்காகவும் அனுப்பலாம். நம்மைப் போன்ற சிறிய நாடுகளுக்கு இந்த வழி மிகவும் பொருந்தும். கடலை ஆளும் கப்பற்படை நமக்கு வேண்டியதில்லை, கரையில் உரிமம் கொடுக்கும் பேனா நம் கையில் இருக்கிறது.

ஒரு தொழில்நுட்ப ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், இது வெளியே அதிகம் பேசப்படாதது. கேபிளின் உள்ளே ஃபைபரோடு ஒரு செம்புக் குழாயும் ஓடுகிறது. 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒன்றாகக் கடலடியில் கிடக்கும், ஒளியைப் பெருக்கிவிடும் ரிப்பீட்டர்களுக்கு அதன் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. நங்கூரமோ வலையோ உரசி மேலுறை கிழிந்தால், ஃபைபர் அறுபடாமல் செம்பு மட்டும் கடல்நீரைத் தொட்டுவிடும். நாங்கள் இதை ‘ஷன்ட் ஃபால்ட்’ என்போம். அப்போது இரண்டு கரையிலிருந்தும் மின்னழுத்தத்தைச் சரிக்கட்டி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். ஒரு பிட் கூடக் குறையாது. கொள்ளளவை வைத்து அளக்கும் விதிப்படி இது அறிக்கைக்குரியது ஆகாது. ஆனால் அந்தக் கேபிள் காயத்தோடு ஓடுகிறது. ஒரு நாள் கப்பல் வந்து அதை வெட்டி இணைத்தே தீர வேண்டும். நம் தீவுக்கு விதி எழுதுகிற யாராவது என்னிடம் கேட்டால், ஷன்ட் ஃபால்ட்டையும் சேருங்கள் என்பேன். நான்கு மணி நேரத்தில் வேண்டாம், ஒரு வாரத்தில் போதும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. அரசுக்குப் போகும் தகவல் நமக்கு ஏன் வருவதில்லை? அமெரிக்காவிலும் வருவதில்லை என்பதுதான் உண்மை. அங்கே இந்த அறிக்கைகள் ரகசியம் என்ற அனுமானத்தோடுதான் வாங்கப்படுகின்றன. இரண்டு காரணம் சொல்கிறார்கள்: ஒன்று வியாபாரப் போட்டி, இன்னொன்று பாதுகாப்பு. வேண்டுமென்றே கேபிளை அறுக்க நினைப்பவருக்கு எங்கே அடித்தால் வலிக்கும் என்று காட்டிக்கொடுக்கக் கூடாது என்கிறார்கள்.

பாதுகாப்புக் காரணத்தை நான் மதிக்கிறேன், ஆனால் பாதிதான் ஏற்கிறேன். உலகம் முழுவதும் ஆண்டுக்கு 150 முதல் 200 கேபிள் பழுதுகள் நடக்கின்றன. அவற்றில் சுமார் 70 முதல் 80 சதவீதம் மீன்பிடி வலைகளாலும் கப்பல் நங்கூரங்களாலும் வருபவை. பகைவனால் அறுபடுவதைவிடக் கேபிள் அங்கே கிடப்பது தெரியாதவனால் அறுபடுவதுதான் பல மடங்கு அதிகம். அதனால்தான் கேபிள் போகும் பாதையைக் கடல் வரைபடங்களில் அச்சிட்டே வைக்கிறார்கள், மாலுமி அங்கே நங்கூரம் போடாமல் இருக்கட்டும் என்று. பாதையே பகிரங்கமாக இருக்கும்போது, ‘மேற்கே போகும் ஒரு கேபிளில் பழுது, கொள்ளளவு இவ்வளவு குறைந்திருக்கிறது, கப்பல் இந்த வாரம் கிளம்புகிறது’ என்று மக்களிடம் சொல்வதால் எந்த ரகசியமும் கெடாது.

பிரான்சின் பகுதி என்பதால் ரியூனியனில் ஐரோப்பிய விதிகள் செல்லும். 2022ல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த நிஸ்-2 என்ற உத்தரவு, கடலடித் தொலைத்தொடர்புக் கேபிளைப் பாதிக்கும் சம்பவங்களும் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பெரிய சம்பவமென்றால் 24 மணி நேரத்துக்குள் முதல் எச்சரிக்கை, 72 மணி நேரத்துக்குள் விவரமான அறிவிப்பு, ஒரு மாதத்துக்குள் இறுதி அறிக்கை. உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் கடிகாரத்தைவிட இது மெதுவானது. ஆனால் ஒரு நல்ல குணம் இருக்கிறது. பாதிக்கப்படக்கூடிய வாடிக்கையாளருக்கும் தேவைப்படும் இடத்தில் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒரே சேஃப் கேபிள் சேன் போலிலும் கரையேறுகிறது, பே து ஜாக்கோத்தேயிலும் கரையேறுகிறது. நடுவில் அறுந்தால் இரண்டு தீவும் ஒரே நேரத்தில் இருமும். அதனால் இரண்டு தீவின் அதிகாரிகளும் ஒரே அறிக்கையை ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

நம் பக்கம் 2001ஆம் ஆண்டின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் ஐ.சி.டி.ஏ. என்ற நம் தகவல் தொடர்பு ஆணையம் இயங்குகிறது. உரிமம் கொடுப்பதும் உரிமம் பெற்றவரிடம் கணக்குக் கேட்பதும் அதன் வேலை. உரிமம் என்ற பிடி இருக்கும் இடத்தில் அறிக்கை என்ற நிபந்தனையைக் கட்டுவது கடினமில்லை. தனிச் சட்டம்கூட வேண்டியதில்லை.

நம் ஊரில் இதற்கு நல்ல முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது, எல்லார் வீட்டிலும் பழகியது: புயல் எச்சரிக்கை. வகுப்பு ஒன்று என்றால் பாட்டிக்கும் என்ன செய்வதென்று தெரியும், இரண்டு என்றால் பள்ளிக்கூடம் இல்லை என்று குழந்தைக்கும் தெரியும், மூன்று என்றால் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார். புயலின் நுணுக்கங்கள் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, எண் போதும். கேபிளுக்கும் அப்படி ஒன்று இருக்கலாம். ஒரு கேபிள் பழுது, மாற்று வழி தாங்குகிறது என்றால் ஒன்று. மாற்று வழி நெரிசல் என்றால் இரண்டு. ஒரே ஒரு வழிதான் மிச்சம் என்றால் மூன்று. எபெனில் இருக்கும் கால் சென்டரும், மருத்துவமனையும், வங்கியும், நீங்களும் அந்த எண்ணைப் பார்த்து உங்கள் வேலையைத் திட்டமிடலாம்.

இது எவ்வளவு தேவை என்பதை நான் ஓர் இரவில் உணர்ந்தேன். அதிகாலை இரண்டு மணி இருக்கும். ஒரு திசையில் போக்குவரத்தைக் காட்டும் வரைகோடு மலையிலிருந்து விழுந்தது போலக் கீழே போனது. நாங்கள் இடம் வாங்கியிருந்த கம்பெனிக்குப் போன் போட்டால் ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற ஒரே பதில். காலை ஐந்து மணிக்கு, டர்பனில் வேலை பார்த்த பழைய சகா ஒருவர் சொல்லித்தான் கேபிள் கட் என்று தெரிந்தது. முறையான மின்னஞ்சல் மறுநாள் பிற்பகல் வந்தது. அதற்குள் எபெனில் காலை ஷிஃப்ட்டுக்கு வந்த பிள்ளைகள் ஐரோப்பிய வாடிக்கையாளர்களிடம் வசை வாங்கி முடித்திருந்தார்கள். என்ன பதில் சொல்வதென்று அவர்களுக்கு நாங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்த வரியை எழுத எங்கள் கையிலேயே தகவல் இல்லை.

சீக்கிரம் சொல்வதால் பழுது சீக்கிரம் சரியாகாது, இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கப்பல்தான் சரி செய்கிறது. நம் பக்கத்துக் கடல்களுக்குக் கேப் டவுனைத் தளமாகக் கொண்ட லியோன் தெவெனின் என்ற கப்பல் பல வருடங்களாக உழைத்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் காங்கோ ஆற்று முகத்துக்கு அப்பால் கடலடிப் பள்ளத்தாக்கில் வாக்ஸ், சாட்-3 என்ற இரண்டு கேபிள்களும் அறுந்தபோதும் அதுதான் போனது. கப்பல் ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கும். கொக்கி போட்டுக் கேபிளைத் தேடித் தூக்கி, வெட்டி, புதுத் துண்டை இணைத்து, சோதித்து, மறுபடி கடலில் இறக்க வேண்டும். கடல் அமைதியாக இருக்க வேண்டும், அந்த நாட்டின் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 15ல் எரிமலை வெடித்து டோங்காவின் கேபிள் துண்டானபோது, தலைமைத் தீவுக்கு மறுபடி இணைப்பு வர ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. அறிக்கை உதவுவது வேறு இடத்தில். அனுமதிக் காகிதம் ஓடும் நாளைக் குறைக்கலாம், அவசரத் தேவைக்குச் செயற்கைக்கோள் இடத்தை ஒதுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து ஆண்டு இறுதி அறிக்கைகளை அடுக்கி வைத்தால் எந்தக் கரைக்கு அப்பால் திரும்பத் திரும்ப அறுகிறது என்று தெரியும். அடுத்த கேபிளை எங்கே கரையேற்றக் கூடாது என்று அந்த அடுக்கு சொல்லும். அப்படி ஒரு அடுக்கு நம் கையில் இருந்தால், மேற்கே போகும் மூன்றாவது கேபிளும் அதே கரைக்குப் போகலாமா என்று யாராவது உரக்கக் கேட்டிருப்பார்கள்.

உங்களுக்குக் கைமேல் செய்யக்கூடியவை சில, தங்கை. பிழைப்பு இணையத்தில் இருக்கிறது என்றால் இரண்டு கம்பெனி இணைப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வாங்கும் முன் ‘உங்கள் சர்வதேசப் போக்குவரத்து எந்தக் கேபிளில் போகிறது’ என்று இருவரிடமும் கேளுங்கள். இரண்டு சிம்மும் கடலுக்கு அடியில் ஒரே கேபிளில் போனால் அது இரண்டு இணைப்பு ஆகாது. இணையம் நன்றாக இருக்கும் ஒரு நாளில், பாரிஸில் நீங்கள் வேலை பார்க்கும் சர்வருக்கு டிரேஸ்ரூட் (தகவல் போகும் வழியைக் காட்டும் கட்டளை) ஓட்டி, எந்த ஊர்கள் வழியாகப் போகிறது, எத்தனை மில்லிசெகண்ட் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஊரும்போது மறுபடி ஓட்டுங்கள். வழி மாறியிருந்தால் உங்கள் வீட்டு வைஃபையில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிடும். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இரண்டு டிரேஸ்ரூட், கம்பெனி சொன்ன பதில், இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி முதலில் கம்பெனிக்கும், பதில் வராவிட்டால் ஐ.சி.டி.ஏ.வுக்கும் புகாராக அனுப்புங்கள். கடைசி வரியாக ‘எந்தக் கேபிள், எப்போது பழுதானது, உங்களுக்கு எப்போது தெரிவிக்கப்பட்டது’ என்ற மூன்று கேள்வியையும் போடுங்கள்.